விற்பனைக் கூடம், தஞ்சோங் பகார், சிங்கப்பூர்

கூடத்தின் நடுவில் ஒரு மேடை. அதன்மேல், இன்னும் கட்டி முடியாத கட்டடம் ஆள் உயரத்துக்கு முழுதாக நிற்கிறது. மாடிக்கு மாடி மஞ்சள் விளக்கு. கீழ்மாடி ஒன்றில் நீலமாய் நீச்சல்குளம். அதன் கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் குட்டி மனிதர்கள். ஏஜண்டின் கையிலிருந்து கிளம்பிய சிவப்பு லேசர்ப் புள்ளி மேலே ஏறி, 31ஆம் மாடியின் பலகணியில் நிற்கிறது. "இதுதான் சார் உங்க வீடு." கேட்பவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு புள்ளியைப் பார்க்கிறார். அவருடைய மனைவி மேடையைப் பார்க்காமல் ஏஜண்டின் முகத்தைப் பார்க்கிறார்.

சுற்றியுள்ள தஞ்சோங் பகாரும் மேடையில் இருக்கிறது. ஆனால் அதற்கு நிறமில்லை. வெறும் அக்ரிலிக் கட்டிகள். ஜன்னல் கிடையாது, மாடிக்கோடு கிடையாது. 290 மீட்டர் உயரக் குவோக்கோ டவரும் ஒரு கட்டி. 50 மாடிகளில் ஏழு கோபுரங்களாக நிற்கும் பினக்கிள் அட் டக்ஸ்டன் இன்னொரு கட்டி. 1,848 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள், அத்தனை குடும்பங்கள், அத்தனை சமையல், அத்தனை பள்ளிக்கூடப் பைகள். இங்கே எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவாக, ஆளற்று நிற்கின்றன. தெலுக் ஆயர் தெரு ஒரு சாம்பல் கோடு. 1830 வாக்கில் கட்டி முடித்த நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி என்று பழையவர்கள் சொல்லும் அல்-அப்ரார் பள்ளிவாசலும் கட்டியாக வைக்கப் போதிய உயரம் இல்லாததாலோ என்னவோ, மேடையிலேயே இல்லை. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த முஸ்லிம்கள், கரையில் இறங்கியதும் தொழுவதற்கென்று கடலோரத்தில் கட்டிய இடங்கள் அவை. பிறகு கடலை மண்போட்டுத் தூர்த்தார்கள்; கரை விலகிப் போனது. ஷென்டன் வே முழுவதும் அப்படிக் கிடைத்த நிலம்தான். இந்தக் கூடத்தில் விற்கப்படும் கடல்காட்சி முன்பு இதே இடத்தில் அலையடித்துக்கொண்டிருந்த கடலுடையது.

ஓரத்துச் சோபாவில் எனக்கு இடம் கிடைத்தது. நண்பர் உள்ளறையில் வங்கிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார். துணைக்கு வந்தவரிடம் யாரும் எதையும் விற்க வருவதில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

சுவரில் பெரிய திரை. கட்டடத்தின் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு கட்டம். விற்றவை சிவப்பு, மீந்தவை வெள்ளை. விற்பனை தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டதால் ஓரறை வீடுகளின் வரிசை அநேகமாகச் சிவந்துவிட்டது. குடும்பத்தோடு இருக்கக்கூடிய மூவறை வீடுகளில்தான் வெள்ளை அதிகம். யார் எதற்காக வாங்குகிறார்கள் என்பதை இந்தத் திரையே சொல்லிவிடுகிறது. ஓரறை வீடு வாடகைக்கு. மூவறை வீடு வாழ்வதற்கு.

மாதிரி வீடு கூடத்தின் பின்பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டும். மாதிரி வீட்டின் பரப்பும் கூரையின் உயரமும் நாளைக்குக் கையில் கிடைக்கும் வீட்டை ஒத்திருக்கவேண்டும் என்று 2015இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் சுவர்களை மெலியவைத்து அறைகளை அகலமாகக் காட்டுவது சாதாரணமாக நடந்தது. இப்போது அளவு பொய் சொல்வதில்லை. சாமான்கள்தான் கொஞ்சம் பேசுகின்றன. சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு, நாலு துணி, ஒரு பூச்சாடி. அலமாரியில் ஒரே நிறத்தில் ஆறு சட்டை. குப்பைத் தொட்டி இல்லை, துடைப்பம் இல்லை, அரிசி மூட்டை இல்லை, துணி காயவைக்கும் மூங்கில் இல்லை, பழைய நாளிதழ் இல்லை. படுக்கையறைக்கு வெளியே ஏசி எந்திரம் வைக்கும் திட்டு. முன்பு அதையும் சதுர அடிக் கணக்கில் சேர்த்து விலை வாங்கினார்கள். ஆள் நிற்க முடியாத இடத்துக்கு ஹால் விலை. 2023 ஜூனில் பரப்பளவு விதிகளை ஒன்றாக்கியபின், புதிய திட்டங்களில் அது போயிற்று. நல்ல காரியம். சதுர அடி 2,700 வெள்ளிக்குப் போகிற ஊரில், முப்பது சதுர அடி என்பது ஒரு குடும்பத்தின் சில வருடச் சேமிப்பு.

சமையலறையை ஒட்டி, கனத்த இரும்புக் கதவோடு ஒரு சிற்றறை. 1997இல் வந்த குடிமைத் தற்காப்புக் காப்பறைச் சட்டத்தின்படி புதிய வீடுகளில் கட்டப்படும் அறை. அருகில் குண்டு வெடித்தாலும் தாங்கும் சுவர், ஜன்னல் கிடையாது. மாதிரி வீட்டில் அதற்குள் வைன் போத்தல்களை அடுக்கி, விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஹெல்ப்பருக்கு இது போதுமா?" என்று கணவரிடம் கேட்கிறார். அவர் கையை விரித்து இரண்டு சுவர்களையும் தொட்டுப் பார்க்கிறார். தொட முடிகிறது. வேறு எதுவும் பேசாமல் நகர்கிறார்கள். பணிப்பெண்ணின் படுக்கையை அந்த அறையில் போடுகிற வழக்கம் இந்த ஊரில் உண்டு. கோடிக் கணக்கில் விலை போகும் வீட்டில், பகலெல்லாம் உழைத்தவருக்கு ஜன்னலில்லாத அறை என்பது எனக்கு ஒப்பவே இல்லை. வரைபடம் போடும்போதே அவருக்கும் ஒரு ஜன்னல் போட்டிருக்கலாம்.

ஒரு முதியவர் தனியாக வந்திருக்கிறார். அரைக்கால் சட்டை, கையில் மடித்த காகிதம். எந்த ஏஜண்டையும் பக்கத்தில் விடவில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கிறார். ஜன்னல் சட்டத்தை விரலால் தடவுகிறார். பிறகு மேசைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "குத்தகை எந்த வருடத்திலிருந்து?"

அதுதான் கேள்வி. நிலம் அரசாங்கத்துடையது, 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. அந்த 99, வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. கட்டுமான நிறுவனம் நிலத்தை ஏலத்தில் எடுத்த காலத்திலிருந்தே ஓடுகிறது. குடிபோவதற்குள் நாலைந்து வருடம் கரைந்திருக்கும். இளம் ஏஜண்ட் கொஞ்சம் தடுமாறி, கையேட்டைப் புரட்டி, ஆண்டைச் சொல்கிறார். முதியவர் தன் காகிதத்தைப் பிரிக்கிறார். நில ஆணையத்தின் குத்தகை மதிப்பு அட்டவணை. சொத்துக்காரர்கள் பாலா அட்டவணை என்பார்கள். நிரந்தர உரிமையுள்ள நிலத்தை 100 என்று வைத்தால் 99 ஆண்டுக் குத்தகை 96. அறுபது ஆண்டு மிஞ்சியிருந்தால் 80. முப்பது மிஞ்சியிருந்தால் 60. அதன்பின் இறக்கம் வேகம்.

"அதற்குள் கூட்டு விற்பனை வந்துவிடும் அங்கிள்," என்கிறார் ஏஜண்ட். கட்டி முடித்துப் பத்து வருடமான கட்டடம் என்றால், 80 விழுக்காட்டுப் பங்குள்ள உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், மொத்தமாக விற்றுவிடலாம். பல பேர் அந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள். முதியவர் தலையாட்டவில்லை. "கேலாங் லோரோங் மூன்று," என்று மட்டும் சொல்கிறார். அங்கே 191 தரைவீடுகள் 60 வருடக் குத்தகை முடிந்து, 2020 கடைசியில் ஒரு காசு இழப்பீடில்லாமல் அரசாங்கத்திடம் திரும்பின. ஏஜண்டுக்கு அந்தப் பேச்சு புரிந்ததாகத் தெரியவில்லை. புரிந்திருக்கவேண்டும். இதை விற்கிறவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது அதுதான்.

அதற்குப் பதிலாக வேறு கதைகள் இங்கே புழங்குகின்றன. பக்கத்து மேசையில் ஒருவர் குவோக்கோ டவரின் உச்சி வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூசி உறிஞ்சி எந்திரம் செய்யும் ஜேம்ஸ் டைசன் 2019இல் அதை 73.8 மில்லியன் வெள்ளிக்கு வாங்கினாராம். உண்மைதான். மூன்று மாடி, ஏறக்குறைய 21,000 சதுர அடி. ஆனால் அடுத்த வருடமே அவர் அதை 62 மில்லியனுக்கு விற்றார். கதையின் அந்தப் பாதி மேசைக்கு வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தார். அவர்களுக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

வாசல் பக்கத்து மேசையில் இரண்டு நண்பர்கள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பேச்சில் தெரிகிறது. மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் குரலைத் தாழ்த்தவில்லை. இருவருக்கும் ஒரே வீடு பிடித்திருக்கிறது, 1.9 மில்லியன் வெள்ளி. ஏஜண்ட் கடப்பிதழைப் பற்றிக் கேட்கிறார். ஒருவரிடம் இந்தியக் கடப்பிதழ், வேலை அனுமதி. இன்னொருவர் அமெரிக்காவில் சில காலம் இருந்து அந்த நாட்டுக் குடிமகனாகி வந்தவர். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு. ஏஜண்ட் கணிப்பொறியில் தட்டித் திருப்பிக் காட்டுகிறார்: 11 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. வீட்டு விலை போக, தனியாக. அமெரிக்கரிடம் திரும்பி, "உங்களுக்கு முதல் வீட்டுக்கு அது இல்லை" என்கிறார். வர்த்தக உடன்பாட்டின்படி அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நாட்டவர்களுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குள்ள அதே விகிதம்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு இந்தியக் கடப்பிதழ்க்காரர், "சரிடா, நீ வாங்கு, நான் வாடகைக்கு வந்துடறேன்" என்கிறார். நண்பர் சிரிக்கவில்லை; அவர் தோளில் கை வைக்கிறார்.

அந்தத் தீர்வை சரி என்றே நினைக்கிறேன். 2011 டிசம்பரில் அது 10 விழுக்காடாகத் தொடங்கியது; 15, 20, 30 என்று ஏறி 60இல் நிற்கிறது. இல்லாவிட்டால், வேறு நாட்டில் காசு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் பூட்டிவிட்டுப் போகும் பெட்டகமாகவே இந்த ஊர் வீடுகள் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த மேசையைப் பார்த்தால் வலிக்கிறது. பல வருடமாக இங்கேயே உழைத்து, இங்கேயே வரி கட்டும் ஒரு மனிதர் அதே எண்ணின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சட்டம் அவரையும் பூட்டிவிட்டுப் போகிறவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பின்மேசைத் தம்பதியின் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. ஏற்கெனவே ஒரு காண்டோ, இருவர் பெயரிலும். இரண்டாவது வாங்கினால் குடிமக்களுக்கும் 20 விழுக்காடு. ஆகவே ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விற்றுவிட்டு, வீடில்லாதவராக ஆகி, இதைத் தன் பெயரில் வாங்குவது. 'டீகப்பிளிங்' என்று ஏஜண்டுகள் சொல்லும் ஏற்பாடு. வழக்கறிஞர் வைத்து முறையாகவே செய்கிறார்கள். கணவர் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறார். மனைவி கேட்கிறார்: "என் பங்கை உனக்கு வித்துட்டா, அந்த வீட்டுல நான் யாரு?" அவர் பென்சிலை நிறுத்திவிட்டு, "காகிதத்துலதான்" என்கிறார். மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் போதவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம். மகன், மருமகள், மகனின் அம்மா. செங்காங் வீவக வீட்டை விற்கப் போகிறார்கள். மருமகளுக்கு ராபின்சன் ரோட்டில் அலுவலகம். தினமும் ரயிலில் போய்வந்தது போதும் என்கிறார். 2019 பெருந்திட்டத்தில் அரசாங்கம் எதிர்பார்த்தது இவர்களைப் போன்றவர்களைத்தான். ஆன்சன், செசில், ஷென்டன் வே, ராபின்சன் ரோடு, தஞ்சோங் பகார் வட்டாரங்களில் பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்து வீடுகளும் சேர்த்துக் கட்டினால் கூடுதல் பரப்பு தருகிறோம் என்றது. வெள்ளி இரவோடு உயிர் போய்விடுகிற வட்டாரத்தில் சனி, ஞாயிறும் பிள்ளைகள் ஓடவேண்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம். ஓரறை வீடுகளால் அது நிறைவேறாது.

பெரியம்மா மேடையைச் சுற்றி வந்துவிட்டு உட்கார்ந்தார். கைத்தறிச் சேலை, கையில் மடித்த குடை. அவருடைய கணவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். இந்தப் பக்கத்துத் துறைமுக ஊழியர் குடியிருப்பில்தான் கல்யாணமாகி வந்து இருந்தாராம். "உங்க அப்பா நடந்தே வேலைக்குப் போவாரு. சங்கு ஊதுனா வீட்ல கேக்கும்," என்று மகனிடம் சொல்கிறார். மகன் ஏஜண்டுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

"வெயில் எந்தப் பக்கம் வரும்னு கேளு."

மகன் கேட்கிறார். ஏஜண்ட் முகம் மலர்கிறது. அனுபவமுள்ள வாங்குவோர் கேட்கும் முதல் கேள்வி அது. மேற்கு வெயில் படும் வரிசை மாலை முழுக்கக் கொதிக்கும், ஏசிச் செலவு ஏறும். விலையும் அதற்கேற்பக் குறைவு. கடல் பார்த்த வரிசையில் 31ஆம் மாடி 2.1 மில்லியன். நகரம் பார்த்த வரிசையில் 12ஆம் மாடி, அதே 700 சதுர அடி, 1.9 மில்லியன். காலை வெயில் மட்டும்தான்.

"எதிர்ல என்ன?"

லேசர்ப் புள்ளி அக்ரிலிக் கட்டிகளில் ஒன்றைத் தொடுகிறது. "பினக்கிள், அத்தை," என்கிறார் மருமகள். "வீவக."

"அப்ப மனுசங்க இருப்பாங்க. கடல்ல யாரு இருக்கா?"

மகனுக்குக் கடல் மேல்தான் கண். கைப்பேசியில் 31ஆம் மாடி உயரத்திலிருந்து டிரோன் எடுத்த படத்தை ஏஜண்ட் அனுப்பியிருக்கிறார். நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. அப்பா சரக்கு இறக்கிய கடலை, மேலிருந்து பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசையாக இருக்கலாம். அவர் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன். மருமகள் படத்தைப் பார்த்துவிட்டு, எதிர்நிலத்தில் நாளைக்கு என்ன கட்டுவார்கள் என்று கேட்கிறார். ஏஜண்ட் நேர்மையாகவே, உறுதி சொல்ல முடியாது என்கிறார். ஷென்டன் வேயிலேயே பழைய ஆக்சா டவரை இடித்த இடத்தில் 305 மீட்டரில் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. காட்சிக்குக் குத்தகை கிடையாது.

பிறகு மேசைக்கு வந்தது ஒரு காகிதம்: 12ஆம் மாடி வீட்டுக்குப் பணம் கட்டும் அட்டவணை. இன்று பதிவுக்கு 5 விழுக்காடு. 95,000 வெள்ளி, ரொக்கமாக. வாங்குவோர் முத்திரைத் தீர்வை 64,600. ஒப்பந்தம் கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் கையெழுத்திடாவிட்டால் பதிவுத்தொகையில் கால் பங்கு, 23,750 வெள்ளி, போய்விடும். எட்டு வாரத்துக்குள் மொத்தம் 20 விழுக்காடு ஆகவேண்டும். அதற்குப் பின் வரும் வரிகளை மருமகள் வாய்விட்டுப் படித்துத் தமிழில் அத்தைக்குச் சொல்கிறார். அடித்தளம் முடிந்தால் 10. கான்கிரீட் சட்டகம் எழும்பினால் 10. உட்சுவர்கள் 5. மேற்கூரை 5. கதவு, ஜன்னல், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் 5. கார் நிறுத்துமிடம், சாலை, வடிகால் 5. குடிபுக அனுமதி வந்ததும் 25. கடைசியாக 15.

இந்தக் கூடத்தில் எங்குமே பேசப்படாத ஒன்றைப் பேசுகிற காகிதம் அது ஒன்றுதான். பளிங்குக் கல் இத்தாலியிலிருந்து, குழாய் ஜெர்மனியிலிருந்து என்று பலகைகள் சொல்கின்றன. கைகள் எங்கிருந்து வந்தன என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. கூடத்தின் கழிவறைப் பக்கத்து ஜன்னல் வழியே தகரத் தடுப்புக்கு அப்பால் கட்டுமான இடம் தெரிகிறது. அடித்தளம் தோண்டுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறவர்களில் தமிழ்க் குரல்கள் கேட்கின்றன. ஊரில் மழையா என்று ஒருவர் கைப்பேசியில் சத்தமாகக் கேட்கிறார். மாலையில் லாரியின் பின்புறம் ஏறித் துவாஸ் பக்கம் விடுதிக்குப் போவார்கள். அட்டவணையின் முதல் பத்து விழுக்காடு அவர்கள் முடிக்கப்போகும் அந்தக் குழி. அவர்கள் முடித்ததும் வங்கிக்குக் கடிதம் போகும். வீடு வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது அந்த ஜன்னலருகே அழைத்துவரப்பட வேண்டும் என்று தோன்றியது. பெரியம்மா கழிவறைக்குப் போனவர், அழைக்காமலே அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"ஆழமாத்தான் தோண்டுறாங்க," என்று மகனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஏஜண்ட் கடிகாரத்தைப் பார்க்கிறார். 12ஆம் மாடி வீட்டை வேறொரு குடும்பமும் பார்த்துப் போயிருக்கிறதாம், மாலைக்குள் போய்விடலாமாம். மகன் காசோலைப் புத்தகத்தை வெளியே எடுக்கிறார். கடலை விட்டுவிட்டார், விலை ஒரு காரணம், அம்மா ஒரு காரணம். மருமகள் அவர் கைமேல் கை வைத்து நிறுத்துகிறார். "போனா போகட்டும். நாம நாளைக்கு வந்தாலும் வீடு இருக்கும், இல்லைன்னா வேற இருக்கும்." கால்நூற்றாண்டு தவணை கட்டப்போகிறவர் ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வதில் என்ன தவறு? அந்தக் கூடத்தில் அன்று எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

மருமகள் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சமையல் மேடையும் ஹாலும் ஒன்றாக இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க தாளிச்சா படுக்கையறை வரைக்கும் போகும். இந்த இடத்துல ஒரு தடுப்பு வேணும். கண்ணாடியா இருந்தாலும் பரவாயில்ல, மூடுற கதவு வேணும். உட்சுவருக்குன்னு அஞ்சு விழுக்காடு வாங்குறீங்களே, அதுலயே இதைச் செஞ்சு தருவீங்களா, இல்ல சாவி வாங்குனப்புறம் நாங்களே போட்டுக்கணுமா? நாங்களே போட்டா நிர்வாகம் அனுமதிக்குமா? இதைக் கேட்டு எழுத்துல குடுங்க. அப்புறம் காசோலை எழுதலாம்."

ஏஜண்ட் லேசர் விளக்கைப் பைக்குள் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.